கடலில்லா நகரின் துறைமுகம்

ஐதராபாத்தில் கடல் இல்லை. கீழைக் கடற்கரையைக் காண வேண்டுமானால் அந்நகரிலிருந்து ஏறக்குறைய 340 கிலோமீட்டர் சென்றாக வேண்டும். அவ்வாறிருக்க, ஐதராபாத்தின் உணவையும் சத்திரங்களையும் உலாக்களையும் பற்றிப் பேச வந்த நாம் ஒரு துறைமுகத்திலிருந்து தொடங்குவது நேயர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். அத்துறைமுகத்தின் பெயர் மசூலிப்பட்டினம். தெலுங்கு மக்கள் அதனைச் சுருக்கமாகப் 'பந்தர்' என்றே வழங்குவர். பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். விசயவாடாவில் 'பந்தர் சாலை' என்று மக்கள் சொல்லும் நெடுஞ்சாலை அவ்வூரை நோக்கிச் செல்வதாலேயே அப்பெயர் பெற்றது. ஐதராபாத் உண்ட சோற்றிலும், வழிப்போக்கருக்கு அது திறந்துவைத்த கதவுகளிலும், அது கொண்டாடிய களியாட்டங்களிலும் இந்தத் தொலைதூரத்துத் துறைமுகத்தின் பங்கு மிகப் பெரிது. அப்பங்குக்கு ஈடாக அத்துறைமுகம் பெற்றது என்ன என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இந்த வரலாறு வெறும் அரசர் கதையாகத் தோன்றாது. புதிய ஊர் ஒன்றில் வந்து இறங்கிய முதல் நாளை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். கையில் ஒரு பெட்டி. மடியில் ஒரு முகவரி. மொழி விளங்காத தெரு. அன்று இரவு எங்கே தலைசாய்ப்பது, வாய்க்கு ஒத்த உணவு எங்கே கிடைக்கும் என்ற கவலைதான் முதலில் நிற்கும். ஊரின் கோபுரங்களும் கோட்டைகளும் அதற்குப் பிறகே கண்ணுக்குத் தெரியும். ஆதலால் ஒரு நகரத்தை அதன் கோட்டை வாயிலிலிருந்து அளப்பதைவிட, வழிப்போக்கன் உறங்கிய திண்ணையிலிருந்து அளப்பதே நமக்கு இயல்பு.

உள்நாட்டில் தலைநகர், கடலோரத்தில் துறைமுகம் என்னும் ஏற்பாடு ஐதராபாத்துக்கு முன்பே தெலுங்கு நாட்டில் இருந்தது. வாரங்கல்லைத் தலைநகராகக் கொண்ட காகதீயருக்கு மோட்டுப்பள்ளி துறைமுகமாக விளங்கியது. அங்கே காகதீய வேந்தன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டையொட்டி ஒரு கல்வெட்டுப் பொறித்தான். அபய சாசனம் என்று அது பெயர் பெற்றது. அதற்கு முன் இருந்த மன்னர்கள், புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய மரக்கலங்களின் சரக்கு முழுவதையும் தமக்கே உரியதென்று கவர்ந்துகொண்டனர். கணபதிதேவனோ, உயிரினும் மேலாகப் பொருளைக் கருதிக் கடலில் துணிந்து வரும் வணிகரிடம் முறையான சுங்கம் ஒன்றைத் தவிர வேறு எதையும் கொள்ளமாட்டோம் என்று அறிவித்தான். உடைந்த கப்பலிலிருந்து நனைந்த உடையோடு கரையேறி வரும் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய விருந்து வேறென்ன இருக்க முடியும்? நாட்டின் உட்பகுதியிலிருந்து ஆண்டவன், கடலின் துன்பத்தை அறிந்திருந்தான் என்பது எண்ணி மகிழத்தக்கது.

காகதீயருக்குப் பின் வந்த மாற்றங்களை நாம் இங்கே விரிக்கவில்லை. 1518 முதல் கோல்கொண்டாவில் ஆட்சி செலுத்திய குதுப் ஷாஹி மரபினரின் காலத்தில் மசூலிப்பட்டினம் தலையெடுத்தது. 1591இல் முகம்மது குலி குதுப் ஷா மூசி ஆற்றின் தென்கரையில் சார்மினாரை நடுவாகக் கொண்டு ஐதராபாத் நகரை அமைத்தான். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் டச்சுக்காரர் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை திறந்தனர். 1611இல் 'குளோப்' என்னும் கப்பலில் ஆங்கிலேயர் வந்து இறங்கினர். 1669இல் பிரெஞ்சுக்காரரும் வந்தனர். அத்துறையிலிருந்து பர்மாவின் பெகுவுக்கும், சுமத்திராவுக்கும், பாரசீக வளைகுடாவுக்கும், செங்கடலின் மோக்காவுக்கும் கப்பல்கள் சென்றன. வண்ணம் தோய்த்த துணிகளும் அரிசியும் எஃகும் வெளியே போயின. குதிரைகளும் பன்னீரும் உலர்ந்த கனிகளும் உள்ளே வந்தன.

இத்துணைச் சிறப்புடைய துறைமுகத்தில் தங்குவதற்கு இன்பமான இடம் ஏதும் இருந்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். 1618 முதல் 1622 வரை அங்கே ஆங்கிலப் பண்டகசாலையில் பணியாற்றிய வில்லியம் மெத்வோல்டு தம் குறிப்புகளில் அவ்வூரைச் சிறிதும் புகழவில்லை. மதில் இல்லாத ஊர், கட்டுமானம் சீரற்றது, அமைந்த இடமோ அதனினும் மோசம், கிணறெல்லாம் உவர்நீர் என்பது அவர் தந்த சித்திரம். கடல் பொங்கும்போது ஊரைச் சூழ்ந்த சதுப்பு நிலம் நீரில் மூழ்கும். கரையோரம் ஆழமின்மையால் பெருங்கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் இட்டன. ஆளையும் சரக்கையும் படகுகளே ஏற்றி இறக்கின. வீடுகள் மரத்தாலானவை. ஆயினும் கப்பல் நிற்பதற்கு வங்கக் கடலில் இதற்கு நிகரான இடமில்லை என்று பிரெஞ்சு வணிகர் டாவர்னியர் எழுதினார். கப்பலுக்கு இடமுண்டு, கப்பலில் வந்தவனுக்கு நல்ல தண்ணீர் இல்லை என்பதே அத்துறைமுகத்தின் நிலை. ஆகவே, வசதியுள்ள எவரும் அங்கே நீடித்துத் தங்க விரும்பவில்லை. தலைநகரை நோக்கிப் பயணப்பட்டனர்.

அப்பயணம் எத்தகையது என்பதையும் டாவர்னியரிடமே கேட்கலாம். அவர் வைர வணிகர். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல முறை கோல்கொண்டாவுக்கு வந்தவர். 1676இல் தம் பயண நூலை வெளியிட்டவர். கோல்கொண்டாவிலிருந்து மசூலிப்பட்டினம் நேர்வழியில் நூறு குரோசம் என்றும், கிருஷ்ணைக் கரையிலுள்ள கொல்லூர் வைரச் சுரங்கத்தின் வழியாகச் சுற்றிச் சென்றால் நூற்றுப் பன்னிரண்டு என்றும் கணக்குச் சொல்லும் அவர், தாம் பெரும்பாலும் சென்றது சுற்றுவழியே என்கிறார். வைர வணிகர் வேறு எவ்வழியே போவார்! வண்டி செல்வது அரிது. மலை இடுக்குகளும் ஏரிக்கரைகளும் ஆறுகளும் மாறிமாறி வழியை மறித்தன. அவர் ஒரு சிறு வண்டியைச் சுரங்கம் வரை கொண்டுசென்றார். இடர் மிகுந்த இடங்களில் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, கடந்தபின் மறுபடி பூட்ட வேண்டியிருந்தது. அங்கிருந்து தெற்கே குமரிமுனை வரையிலும் இதே நிலைதான் என்றும், பொதிமாடுகளும் பொதிக்குதிரைகளுமே சுமை சுமந்தன என்றும், வசதி படைத்தோர் பல்லக்கில் சென்றனர் என்றும் அவர் கூறுகிறார். தென்னாட்டிலிருந்து அக்காலத்தில் ஐதராபாத்துக்கு வந்த நம் முன்னோர் எவ்வாறு வந்திருப்பர் என்பதை இதனால் உய்த்துணரலாம். இன்று இரவு வண்டியில் ஏறிப் படுத்து விடியலில் இறங்குகின்ற நாம், அந்தக் கழற்றிப் பூட்டிய வண்டியைச் சற்றே நினைத்துக்கொள்வது தகும்.

நடந்து களைத்து வருவோருக்கு நகர எல்லையில் ஓர் ஆறுதல் இருந்தது. மசூலிப்பட்டினச் சாலை நகரை நெருங்கும் இடத்தில் ஹயாத் நகர் என்னும் ஊர் உள்ளது. முகம்மது குலியின் மகளும், அடுத்த அரசனின் மனைவியும், அதற்கடுத்த அரசன் அப்துல்லாவின் தாயுமான ஹயாத் பக்ஷி பேகத்தின் பெயரால் அமைந்தது அது. அங்கே ஒரு பள்ளிவாசலும், அதைச் சுற்றிய அகன்ற முற்றமும், முற்றத்தின் நாற்புறமும் வழிப்போக்கர் தங்குவதற்கு வளைவு வாயில்கள் கொண்ட அறை வரிசைகளும் உண்டு. அருகே பெருங்கிணறு ஒன்றும் உள்ளது. நாம் அங்கு சென்று பார்த்தபோது முற்றத்தில் நண்பகல் வெயில் மட்டுமே தங்கியிருந்தது. மதிலுக்கு வெளியே விசயவாடா செல்லும் பேருந்துகள் ஓயாது ஓடிக்கொண்டிருந்தன. உவர்நீர் ஊரிலிருந்து பல நாள் நடந்து வந்த ஒருவன் அக்கிணற்றில் முதல் வாளி நீரை இறைத்தபோது என்ன நினைத்திருப்பான் என்று நாம் சிறிது நேரம் அங்கே நின்று எண்ணிப் பார்த்தோம்.

இத்தகைய தங்குமிடங்களைச் 'சராய்' என்பர். நம் நாட்டுச் சத்திரத்துக்கும் சராய்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. தஞ்சை மராட்டிய மன்னன் சரபோசி ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரம் போன்றவற்றில் வந்தவருக்கு அன்னமும் இட்டனர். அங்கே சோறே முதன்மை. சராயிலோ பெரும்பாலும் கூரையும் நீரும் காவலும் விலங்குகளுக்கு இடமுமே கிடைத்தன. அரிசியும் விறகும் வழிப்போக்கனே தேடிக்கொள்வான். முற்றத்தில் ஒரு மூலையில் பாரசீகக் குதிரை வணிகன் ரொட்டி சுடுவான். மறு மூலையில் தெலுங்கு நாட்டுப் பொதிமாட்டுக்காரன் சோளக் களி கிண்டுவான். ஒருவன் அடுப்புப் புகை மற்றவன் கண்ணைக் கரிக்கும். ஐதராபாத்தின் சமையல் அரண்மனையில் பிறந்தது என்று பலர் சொல்வதுண்டு. அதன் ஒரு பாதியேனும் இத்தகைய முற்றங்களில் பிறந்திருக்க வேண்டும் என்பது நம் துணிபு.

நகருக்குள் நுழைவதற்கு மூசி ஆற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். 1578இல் இப்ராகிம் குதுப் ஷா கட்டிய அப்பாலத்தை இன்று 'புரானா புல்', அதாவது பழைய பாலம் என்று அழைக்கின்றனர். பாரிஸ் மாநகரில் அந்நாளில் பேர்பெற்றிருந்த பாலத்துக்கு இது அழகில் அதிகம் குறைந்ததன்று என்று டாவர்னியர் வியக்கிறார். மாலை வேளையில் கள் ஏற்றிய குதிரைகள் நூற்றுக்கணக்கில் பாலத்தின் மீது வரிசையாக ஊருக்குள் வரும் காட்சியையும், அதன் மீதான வரியால் அரசனுக்குப் பெருவருவாய் கிடைத்ததையும் அவர் எழுதத் தவறவில்லை. கோட்டை வாயிலில் அயலானை நிறுத்திச் சோதித்தனர். எதற்காகத் தெரியுமா? வாளுக்காகவோ துப்பாக்கிக்காகவோ என்று நினைப்போம். உப்பும் புகையிலையும் மறைத்து வைத்திருக்கிறானா என்றே பார்த்தனர். அவை அரசனின் வருவாய்ப் பொருள்கள். உத்தரவு கிடைக்க ஓரிரு நாள் வெளியே காத்திருக்க வேண்டியும் வரும். கடலில்லா நாட்டுக்குக் கடல் உப்பு வடிவில் வந்தது; அதற்கும் வாயிலில் காவல் இருந்தது.

பாலத்துக்கும் கோல்கொண்டாக் கோட்டைக்கும் இடையே வணிகரும் தரகரும் நிறைந்த புறநகர் இருந்தது. கார்வான் என்னும் பெயர் அப்பகுதிக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. வணிகச் சாத்து என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. அங்கிருந்த அழகிய பள்ளிவாசல்கள் இரண்டு மூன்று, அயலூரார் தங்கும் சத்திரங்களாகவும் பயன்பட்டன என்று டாவர்னியர் குறிப்பிடுகிறார். கோட்டைக்கு அருகே ஷேக்பேட்டையில் இரண்டு அடுக்குக் கொண்ட கற்சராய் ஒன்று இன்றும் நிற்கிறது. நாணயமும் தராசும் வைரமும் புழங்கிய தெருவில் தொழுகை இடமே விடுதியாகவும் இருந்தது என்பது அந்நகரின் இயல்பைக் காட்டுகிறது.

இனி உணவைப் பற்றிச் சொல்லுவோம். ஐதராபாத் என்றதும் பிரியாணி என்பர். அதன் பிறப்பைப் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. அவ்வழக்கில் நாம் தலையிடவில்லை. நம் கண்ணில் படுவது அதனருகே வைக்கும் 'மிர்ச்சி கா சாலன்' என்னும் குழம்பு. நீண்ட பச்சை மிளகாய், நிலக்கடலை, எள், புளி ஆகியவற்றின் கூட்டு அது. மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுகீசியர் கடல் வழி கண்டபின் துறைமுகங்களின் வாயிலாக இந்நாட்டுக்கு வந்தவை. எள்ளும் புளியும் இந்நாட்டில் நெடுங்காலமாகப் புழங்குபவை. ஒரு கிண்ணக் குழம்பில் இரண்டு கண்டங்கள் சந்திக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவன் அக்குழம்பை முதல் முறை சுவைக்கும்போது, அந்தப் புளியின் சுவையில் தன் வீட்டு வத்தக்குழம்பின் சாயலை உணர்ந்து நிமிர்ந்து உட்காருவான். வடக்கிலிருந்து வருபவனுக்கு அந்த உணர்வு வாய்ப்பதில்லை.

ஹலீம் என்னும் உணவுக்கும் ஒரு துறைமுகக் கதை உண்டு. கோதுமையையும் இறைச்சியையும் பருப்பையும் பல மணி நேரம் மண் அடுப்பில் வேகவைத்து, மரத்துடுப்பால் இடித்துக் குழைத்துச் செய்வது அது. ரமலான் மாதத்து மாலைகளில் நகரமெங்கும் அதன் மணம் எழும். அரபு நாட்டு ஹத்ரமௌத் பகுதியிலிருந்து நிஜாமின் படையில் சேர வந்த வீரர்களே அதனைக் கொண்டுவந்தனர் என்பது வழக்கு. அவர்கள் குடியிருந்த இடம் இன்றும் பார்க்கஸ் எனப்படும். படைக்குடியிருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. அவர்களுள் குவைத்தி குலத்தார் நிஜாமின் படைத்தலைவராய் ஐதராபாத்தில் செல்வம் திரட்டினர். அச்செல்வத்தைக் கொண்டு தம் தாயகத்தில் ஷிஹ்ர் என்னும் துறைமுகத்தையும், 1881இல் முக்கல்லாத் துறைமுகத்தையும் தம் வசமாக்கினர். அவர்கள் ஆட்சி 1967 வரை நீடித்தது. கடலே இல்லாத ஊரில் ஊதியம் பெற்றுக் கடலுக்கு அப்பால் துறைமுகம் ஆண்டவர்கள்! வெளியூரில் உழைத்துச் சொந்த ஊரில் வீடு கட்டும் வழக்கம் நம்மவர்க்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டா. ஐதராபாத் ஹலீமுக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தெருமுனைதோறும் கிடைக்கும் இரானித் தேநீர் இன்னும் பிந்தியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய இரானியர் நடத்திய கடைகளில் அது வேரூன்றியது. மசூலிப்பட்டினம் ஓய்ந்தபின் வேறொரு துறைமுகம் அந்நகருக்குப் பரிமாறிய பானம் எனலாம்.

உண்டு உறங்கியவன் ஊரைச் சுற்றிப் பார்க்கவும் விரும்புவான். உலாவுக்கும் வேட்டைக்கும் கோல்கொண்டா மன்னர்கள் குறை வைக்கவில்லை. இளவரசன் அப்துல்லாவைப் பற்றி ஐதராபாத்தில் ஒரு கதை வழங்குகிறது. அவன் ஏறிச் சென்ற யானை மதம்கொண்டு பாகனைக் கொன்று காட்டுக்குள் ஓடிற்று. நாட்கள் கடந்தன, யானையை நெருங்க எவராலும் இயலவில்லை. தாய் ஹயாத் பக்ஷி பேகம், யானை செல்லக்கூடிய வழிகளில் மரக்கிளைகளில் உணவு மூட்டைகளைக் கட்டித் தொங்கவிடச் செய்தாள். யானை மீதிருந்தபடியே கைநீட்டி எடுத்து உண்ணட்டும் என்று. மகன் பிழைத்து வந்தால் யானைச் சங்கிலியின் அளவுக்குப் பொற்சங்கிலி செய்து காணிக்கை செலுத்துவதாகவும் வேண்டிக்கொண்டாள். மகன் திரும்பினான், சங்கிலி செலுத்தப்பட்டது, பொன் ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 'லங்கர்' என்னும் ஊர்வலம் அதன் நினைவாகவே நெடுங்காலம் நடைபெற்றது என்பர். கதையில் எவ்வளவு உண்மை என்று ஆராய்வது நம் வேலையன்று. வழியிலிருப்பவனுக்கு எட்டும் உயரத்தில் உணவைக் கட்டித் தொங்கவிட்ட தாயின் பெயரே மசூலிப்பட்டினச் சாலையின் சராய்க்கும் வாய்த்திருக்கிறது என்பதை மட்டும் சுட்டுகிறோம்.

அரசனான பின் அதே அப்துல்லா 1639ஆம் ஆண்டில் பெரும் பரிவாரத்துடன் மசூலிப்பட்டினம் சென்று கடலைக் கண்டான். உள்நாட்டு மன்னனுக்குக் கடல் காணும் பயணம் ஒரு திருவிழா. கோல்கொண்டாவின் கடைசி மன்னன் அபுல் ஹசன் தானாஷாவும் அவ்வழியே சென்றான். வழியில் ஓரூரில் இரவு தங்கியபோது அந்தணக் கலைஞரின் ஆட்டத்தைக் கண்டு மகிழ்ந்து, அவ்வூரையே அவர்களுக்கு மானியமாக்கினான் என்பது மரபுச் செய்தி. அவ்வூரே கூச்சிப்பூடி. மன்னனின் சுற்றுலா ஒன்று ஒரு கலைக்கு ஊரும் பேரும் அளித்தது. அயலூரில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் தம் மகளிரை அந்நடனத்துக்கு அனுப்புகின்றனர். அது கடற்கரைச் சாலையில் கிடைத்த கொடை என்பதை அவர்களிடம் சொல்லலாம்.

எளிய மக்களின் உலாவுக்கு உசேன் சாகர் இருந்தது. 1562ஐ ஒட்டி இப்ராகிம் குதுப் ஷாவின் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி அது. நகரம் தோன்றுவதற்கு முன்பே நீர் வந்துவிட்டது. இன்று அவ்வேரியில் பாய்மரப் படகுப் போட்டிகள் நடைபெறுகின்றன. சூன் மாதம் மிருகசீரிடக் கார்த்தி அன்று மீன் உண்ண வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். மீன் சந்தைகளில் அன்று கால் வைக்க இடமிராது. முதல் மழையை வரவேற்கும் அந்நாளைப் பற்றி முகம்மது குலியும் தக்கண மொழியில் கவிதைகள் இயற்றியிருக்கிறான்.

அப்துல்லா கடல் காணச் சென்ற அதே 1639ஆம் ஆண்டில் நமக்கு நெருக்கமான வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. மசூலிப்பட்டினத்தில் அதிகாரிகளின் நெருக்குதலாலும் டச்சுக்காரரின் போட்டியாலும் இடர்ப்பட்ட ஆங்கிலேயர், தெற்கே துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடினர். பிரான்சிஸ் டே என்பவர் வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து சென்னைப்பட்டினக் கரையைப் பெற்றார். 1641இல் ஆங்கிலக் கம்பெனியின் கீழைக்கரைத் தலைமையிடம் மசூலிப்பட்டினத்திலிருந்து அங்கே மாறியது. சென்னைக் கோட்டைக்கு மசூலிப்பட்டினமே பிறந்தவீடு. சில ஆண்டுகளில் கோல்கொண்டாவின் படைத்தலைவன் மீர் ஜும்லா அப்பகுதியையும் வென்றான். 1672 உடன்படிக்கையின்படி சென்னைக்காக ஆண்டுக்கு 1,200 வராகன் வாடகையைக் கோல்கொண்டாவுக்குச் செலுத்த ஆங்கிலேயர் இசைந்தனர். சென்னையின் வாடகைப் பணம் ஒரு காலத்தில் போய்ச் சேர்ந்த ஊருக்குத்தான், பின்னாளில் சென்னைப் படையோடும் அலுவலகங்களோடும் தமிழர் போய்ச் சேர்ந்தனர். 1806இல் பெயர் பெற்ற செகந்தராபாத்தை அவர்கள் 'லஷ்கர்' என்றனர். அங்கே பத்மாராவ் நகர் என்னும் பகுதி திவான் பகதூர் பத்மாராவ் முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஸ்கந்தகிரிக் குன்றின் மீது முருகன் கோயில் கொண்டிருக்கிறான். காவடி எடுக்க ஊர் திரும்ப இயலாதவர்க்கு அக்குன்றே பழனி.

இத்தனைக்கும் வாயிலாக இருந்த துறைமுகம் என்னவாயிற்று? 1687இல் எட்டுத் திங்கள் முற்றுகைக்குப் பின் கோல்கொண்டா அவுரங்கசீப்பிடம் வீழ்ந்தது. 1750இல் மசூலிப்பட்டினம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1759இல் கர்னல் ஃபோர்டு அதை ஆங்கிலேயருக்கு வென்று கொடுத்தார். 1766 உடன்படிக்கையால் நிஜாம் வடசர்க்கார் மாவட்டங்களை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தபோது ஐதராபாத்துக்கும் கடலுக்கும் இருந்த உறவு அறுந்தது. அதன்பின் நூற்றெண்பது ஆண்டுகள் அந்நாடு கடலின்றியே இருந்தது. மேற்கே மர்மகோவாத் துறைமுகத்தின் மீது நிஜாமின் அரசுக்கு இறுதிவரை ஒரு கண் இருந்தது. மசூலிப்பட்டினமோ சென்னைக்குப் பின்தள்ளப்பட்டுச் சிற்றூராய்ச் சுருங்கியது. 1864 நவம்பர் முதல் நாள் இரவு பெரும் புயல் அடித்தது. கடல் ஊருக்குள் புகுந்து ஏறத்தாழ 30,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மெத்வோல்டு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் குறை சொன்ன அதே தாழ்ந்த சதுப்பு நிலம், அதே மதிலில்லாத கரை. அத்துறையின் வருவாய் பன்னெடுங்காலம் தலைநகரின் மாளிகைகளை எழுப்பிற்று. அத்துறையில் ஒரு நல்ல கரைச்சுவர் எழவில்லை. இதைச் சொல்லாமல் ஐதராபாத்தின் விருந்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை.

இன்று அவ்வூருக்குச் செல்வோர் பழைய கோட்டையின் இடிபாடுகளையும், டச்சுக்காரரின் கல்லறைகளையும், மங்கினப்பூடிக் கடற்கரையையும் காணலாம். கலம்காரித் துணி இன்னும் அச்சிடப்படுகிறது. 2023இல் அவ்வூரருகே புதிய துறைமுகத்துக்கான பணி தொடங்கிற்று. புனாவில் தொடங்கி ஐதராபாத்தையும் ஹயாத் நகரையும் விசயவாடாவையும் கடக்கும் 65ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கேதான் முடிகிறது. பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கடைகளில் பந்தர் லட்டு அடுக்கி வைத்திருப்பர். கடலை மாவை நெய்யில் பொரித்து, இடித்து, வெல்லப்பாகில் சேர்த்துப் பிடிப்பது அது, வாயிலிட்டால் கரையும். 2017இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் இரண்டு பெட்டி வாங்கினோம். ஒன்று வழியிலேயே தீர்ந்துபோயிற்று. மற்றொன்றைச் செகந்தராபாத்தில் நமக்கு முதன்முதல் அறை வாடகைக்குக் கொடுத்த மூதாட்டியின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம்.